கூழைக்கடா கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போது படம் எடுப்பதில் நாம் செய்யும் தவறுகள்

புளோரிடாவின் மேற்குக் கரையில், இந்தியன் ஷோர்ஸ் என்ற சின்ன ஊரில், கடற்கரையை ஒட்டியே ஒரு பறவை மருத்துவமனை இருக்கிறது. 1971-இல் சன்கோஸ்ட் சீபேர்ட் சாங்க்சுவரி என்று தொடங்கியது, இப்போது பெயர் சீசைட் சீபேர்ட் சாங்க்சுவரி. அடிபட்ட பறவைகள் கூண்டுக்குள்ளே இருக்கும். அவற்றுக்குப் போடும் மீனில் நமக்கும் ஒன்று கிடைக்காதா என்று கூரைமேலும் வேலிமேலும் உட்கார்ந்திருக்கிற கொக்கு, நாரை, வக்கா எல்லாம் சுதந்திரமான காட்டுப் பறவைகள், ஆனால் ஆளைப் பார்த்துப் பறந்து ஓடாது. அங்கே படம் கெடுவதற்குப் பெரும்பாலும் இந்தக் கிட்டத்துத் தூரம்தான் காரணம்.

முதல் தவறு, இருப்பதிலேயே பெரிய லென்ஸை மட்டும் தூக்கிக்கொண்டு போவது. 500 மி.மீ. பிரைம் லென்ஸ்கள் (ஜூம் செய்ய முடியாதவை) பலவும் மூன்றரை மீட்டருக்குள் வந்த பறவையை ஃபோகஸ் செய்யாது, நீங்கள் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். 70-200 அல்லது 100-400 மி.மீ. ஜூம் லென்ஸ் போதும்.

அடுத்தது அபர்ச்சர், அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் வரும் துளையின் அளவு, இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மூன்று மீட்டர் தூரத்தில் 200 மி.மீ.-யை எஃப்/4-இல் வைத்தால் ஃபுல் ஃபிரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள) கேமராவில் தெளிவாக விழும் ஆழம் சுமார் ஐந்து சென்டிமீட்டர்தான், ஆனால் பழுப்புக் கூழைக்கடாவின் அலகு மட்டுமே ஒரு அடி நீளம் வரும், அது உங்களை நேராகப் பார்த்தால் கண் தெளிவாகவும் அலகு மங்கலாகவும் போய்விடும். துளையைச் சிறிதாக்கி எஃப்/11-க்குப் போனாலும் முழு அலகும் அடங்காது. அதனால் அது தலையைப் பக்கவாட்டில் திருப்பும் வரை பொறுங்கள், எங்கேயும் ஓடிவிடாது.

வெள்ளைக் கொக்கை இருட்டான புதர் முன்னால் எடுக்கும்போது வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டரை அப்படியே நம்பினால் இறகு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி எடுத்து, ஹிஸ்டோகிராமை (படத்தின் வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தை) பாருங்கள். வெளிச்சத்தைப் பொறுத்தவரை, கடல் மேற்கே இருப்பதால் காலையில் கடலைப் பார்த்து எடுக்கலாம், மாலையில் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். அப்புறம் பின்னணி: கூண்டுக் கம்பி தெரிந்தால் இரண்டடி தள்ளி நின்று பாருங்கள், முட்டி போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும்.

இனி, படத்தைவிட முக்கியமான ஒன்று. பழகிய பறவைதானே என்று மீன் காட்டிக் கூப்பிடாதீர்கள். ஆளிடம் இரை வாங்கிப் பழகிய கூழைக்கடா மீன்பிடிப் பாலங்களைச் சுற்றியே திரியும், அங்கே தூண்டில் நரம்பில் சிக்கும், சதை சீவிப் போட்ட மீன் முள்ளை விழுங்கித் தொண்டையைக் கிழித்துக்கொள்ளும், கடைசியில் இதே கூண்டுக்குத்தான் வந்து சேரும். கூழைக்கடாவின் இயல்பு மாறிக் கேடு வரும்படி இரை போடுவது புளோரிடாவில் சட்டப்படியும் தடை. கூண்டுக்குள் இருக்கும் பறவை உங்களைப் பார்த்து மூலைக்கு ஒதுங்கினால் கேமராவை இறக்கிவிடுங்கள், அதற்கு உடம்பு சரியில்லை. கூண்டுப் பறவை எதைப் படம் எடுத்தாலும், காட்டில் எடுத்ததுபோல வெட்டி ஒட்டாமல், மறுவாழ்வு மையத்தில் எடுத்தது என்று படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள்.