இளநிலை வேதியியல் மாணவர் ஆய்வுக்குழுவில் இடம் பெறுவது எப்படி

ஆய்வில் ஈடுபட விரும்பும் இளநிலை வேதியியல் மாணவர் முதலில் தேடுவது பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரையோ பேராசிரியரின் புகழையோதான். அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: ஆய்வகத்தில் நாள்தோறும் அருகில் நின்று கற்றுத்தரப் போகிறவர் யார்? பெரிய ஆய்வுக்குழுக்களில் பேராசிரியரைத் தனியே சந்திப்பதே அரிது என்பதால், முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவரே மாணவரின் உண்மையான ஆசிரியராக அமைகிறார். அவருக்கு நேரமும் பொறுமையும் இல்லையென்றால் கண்ணாடிக் கலன்களைக் கழுவுவதிலேயே ஒரு பருவம் கழிந்துவிடும்.

ஓபர்லின் என்ற சிறிய அமெரிக்கக் கல்லூரியில் 1885இல் பட்டம் பெற்ற சார்லஸ் மார்ட்டின் ஹால், மறு ஆண்டு பிப்ரவரியிலேயே உருகிய கிரையோலைட் என்ற கனிமத்தில் அலுமினாவை (அலுமினிய ஆக்சைடை) கரைத்து, மின்னாற்பகுப்பின் மூலம் அலுமினியத்தைப் பிரித்தெடுத்தார். தாதுவிலிருந்து பெறப்படும் அலுமினியம் இன்றும் உலகெங்கும் இவ்வழியில்தான் உற்பத்தியாகிறது. ஹால் மாணவராக இருந்த காலம் முதலே, அவருடைய பேராசிரியர் ஃபிராங்க் ஜூவெட் ஆய்வகத்தையும் பொருள்களையும் தம் அறிவையும் அவருக்குத் திறந்து வைத்திருந்தார். ஆகவே முதலில் தட்ட வேண்டிய கதவு உங்கள் துறையில் உள்ளதுதான். விளம்பரப்படுத்தப்படாத வாய்ப்புகளே அங்கு மிகுதி. வகுப்பில் உங்கள் கேள்விகளைக் கேட்டுப் பழகிய ஆசிரியரிடம் நேரில் பேசுவது, அறிமுகமற்ற பத்துப் பேருக்கு மின்னஞ்சல் அனுப்புவதைவிடப் பயன் தரும்.

முறைப்படியான கோடைக்காலத் திட்டங்களும் பல நாடுகளில் உள்ளன. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியளிக்கும் இளநிலை மாணவர்களுக்கான ஆர்இயூ (REU) ஆய்வுத் திட்டம் பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் உரியது. கனடாவின் மைட்டாக்ஸ் (Mitacs) அமைப்பு நடத்தும் குளோபலிங்க் ஆய்வுத் திட்டம் குறிப்பிட்ட வெளிநாடுகளின் மாணவர்களை அழைக்கிறது. இந்தியாவில் மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகை வழங்குகின்றன. தகுதி விதிகள் மாறக்கூடியவை என்பதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் படித்த பின்னரே விண்ணப்பிக்க வேண்டும். கோடையில் தொடங்கும் பணிக்குப் பல மாதங்களுக்கு முன்பே விண்ணப்பக் காலம் முடிந்துவிடும். பரிந்துரைக் கடிதம் தருபவருக்கும் சில வாரங்கள் தேவைப்படும்.

பேராசிரியருக்குக் கடிதம் எழுதும் முன், அவருடைய குழு அண்மையில் வெளியிட்ட ஓரிரு கட்டுரைகளை வாசியுங்கள். கட்டுரையோடு நின்றுவிடாமல் செய்முறை விவரங்கள் அடங்கிய அதன் துணைத் தகவல் கோப்பையும் திறந்து பாருங்கள் என்பதே நான் இங்கு அழுத்திச் சொல்ல விரும்புவது. முதன்மைக் கட்டுரையில் அழகான வரைபடமாகத் தோன்றும் வினை, துணைத் தகவலில்தான் தன் உண்மை உருவத்தைக் காட்டும்: எத்தனை மணி நேரம் சூடேற்றினார்கள், காற்றும் ஈரமும் படாத பெட்டிக்குள் கையாண்டார்களா, எந்தக் கரைப்பான் கலவையில் நிரல் குரோமட்டோகிராபி (column chromatography) மூலம் பொருளைப் பிரித்தார்கள், விளைச்சல், அதாவது கிடைத்த விளைபொருளின் அளவு, எவ்வளவு என்பதெல்லாம் அங்கே இருக்கும். அந்த அன்றாட உழைப்பைச் செய்ய மனம் வருகிறதா என்பதை அதை வைத்தே முடிவு செய்யலாம்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டியதில்லை. ‘தங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம் உண்டு’ என்ற வாக்கியம் எவருக்கும் அனுப்பக்கூடியது. அதனாலேயே அதற்கு மதிப்பில்லை. மாறாக, ‘நிக்கல் வினையூக்கியைப் பயன்படுத்திய கட்டுரையில், நைட்ரோ தொகுதியுள்ள சேர்மங்களுக்கு மட்டும் விளைச்சல் குறைந்திருப்பது ஏன் என்று அறிய விரும்புகிறேன்’ என்று எழுதினால், படித்தீர்கள் என்பதும் யோசித்தீர்கள் என்பதும் தெரிந்துவிடும். முடித்த பாடங்கள், கையாளத் தெரிந்த செய்முறைகள், ஒதுக்கக்கூடிய நேரம் ஆகியவற்றையும் குறிப்பிடுங்கள். நேரத்தைப் பொறுத்தவரை, வகுப்புகளுக்கு இடையே சிதறிக் கிடைக்கும் மணித்துளிகளால் பயனில்லை. ஒரு வினையைத் தொடங்கி, கலவையின் கூறுகளைப் பிரித்துக் காட்டும் டிஎல்சி (TLC) தகட்டில் அதன் போக்கைப் பார்த்து, பிரித்தெடுத்து முடிக்க ஒரு முழு அரைநாளாவது தொடர்ந்து வேண்டும். பதில் வராவிட்டால் ஒரு வாரத்துக்குப் பின் ஒருமுறை நினைவூட்டலாம்; அதற்கும் பதில் இல்லையெனில் அடுத்தவரை அணுகுங்கள்.

நேர்காணலில் நீங்களும் கேள்வி கேட்க வேண்டும். எனக்கு வழிகாட்டுபவர் யார், இதற்கு முன் இருந்த இளநிலை மாணவர்கள் என்ன செய்தார்கள், கட்டுரை வெளியானால் என் பெயர் எந்த அடிப்படையில் சேர்க்கப்படும், உதவித்தொகை உண்டா என்பவற்றைத் தயங்காமல் கேட்கலாம்.

கருவி வசதி குறைந்த கல்லூரியில் பயில்பவருக்குக் மூலக்கூறுகளைக் கணினியில் கணக்கிட்டு ஆராயும் கணக்கீட்டு வேதியியல் ஒரு நல்ல வாயில். இதற்கான சை4 (Psi4) ஒரு திறந்த மூல மென்பொருள். ஆர்கா (ORCA) என்ற மற்றொரு மென்பொருள் கல்விப் பயன்பாட்டுக்கு இலவசம். எனினும் அடிப்படை அறியாமல் எதை உள்ளிட்டாலும் கணினி ஓர் எண்ணைத் தந்துவிடும் என்பதால், இதற்கும் வழிகாட்டி அவசியம்.

எந்த ஆய்வகமானாலும் பாதுகாப்புப் பயிற்சி முடியும் முன் எதையும் தொடக்கூடாது. 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலீஸிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், காற்றுப் பட்டதும் தீப்பற்றும் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தை ஊசிக்குழாயால் எடுத்துக்கொண்டிருந்த இளம் ஆய்வு உதவியாளர் ஒருவர் தீக்காயமுற்று, சில வாரங்களில் உயிரிழந்தார். அவர் ஆய்வக மேலங்கி அணிந்திருக்கவில்லை. உடுத்தியிருந்த செயற்கை இழை ஆடையிலும் தீ பற்றிக்கொண்டது. புதிய வேதிப்பொருள் ஒவ்வொன்றுக்கும் அதன் பாதுகாப்புத் தரவுத்தாளை வாசியுங்கள். தெரியாத செய்முறையைத் தனியே முயலாதீர்கள். ‘இது எனக்கு இன்னும் கற்றுத்தரப்படவில்லை’ என்று சொல்லக் கூச்சப்பட வேண்டாம். அதைக் கேட்டு எரிச்சலடையும் குழுவில் நீடிக்காமல் இருப்பதே நல்லது.

தொடக்க மாதங்களில் வினைகள் பெரும்பாலும் தோற்கும். வெளியான கட்டுரையிலுள்ள ஒரு வினையை அப்படியே திரும்பச் செய்து, கிடைத்த பொருளின் மூலக்கூறு அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் (NMR) நிறமாலையை அக்கட்டுரையின் தரவோடு ஒப்பிடுவது நல்ல முதல் பயிற்சி. ஆய்வகக் குறிப்பேட்டில் எடையிட்ட அளவு, பொருளின் புட்டியிலுள்ள உற்பத்தித் தொகுதி (batch) எண், நிறமாற்றம், நேரம் அனைத்தையும் செய்யும்போதே எழுதுங்கள்; தோற்ற வினையையும் வெற்றி பெற்றதைப் போலவே விரிவாகப் பதியுங்கள், ஏனெனில் காரணம் தேடும்போது கைகொடுப்பது அந்தப் பக்கங்கள்தாம்.

பணிக்காலம் முடிவதற்கு இரண்டு வாரங்கள் முன்பே புதிய வினைகளை நிறுத்திவிட்டு, மாதிரிக் குப்பிகளில் பெயர், தேதி, குறிப்பேட்டுப் பக்க எண் ஆகியவற்றை ஒட்டி, நிறமாலைக் கோப்புகளை ஒழுங்குபடுத்தி, அடுத்து வருபவர் தொடரும் வகையில் ஒரு சிறு அறிக்கையுடன் ஒப்படையுங்கள். பரிந்துரைக் கடிதம் தேவைப்படும் என்றால், செய்த வேலை வழிகாட்டியின் நினைவில் தெளிவாக இருக்கும் அந்த நாள்களிலேயே கேட்டுவிடுங்கள்.