பாராட்டப் போய் மாட்டிக்கொண்ட சொல்: ‘ஸ்வொட்’

இங்கிலாந்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். உடன் பணிபுரிந்த ஒரு பெண், வார இறுதி முழுவதும் ஒரு தேர்வுக்காக ‘ஸ்வொட்டிங்’ செய்ததாகச் சொன்னார். அந்தச் சொல் எனக்குப் பிடித்துப்போயிற்று. அவர் தேர்ச்சி பெற்ற செய்தி வந்ததும், எல்லோர் முன்னிலையிலும் “நீங்கள் பெரிய ஸ்வொட்” என்று மனதாரப் பாராட்டினேன். அவர் சிரித்தார், அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது.

தவறு எங்கே என்று பிறகுதான் விளங்கியது. இந்தச் சொல் வினையாக வரும்போது தீங்கற்றது. தேர்வுக்காக விழுந்து விழுந்து படிப்பதை ஸ்வொட் செய்வது என்பார்கள். ஒரு விஷயத்தைப் பற்றி அவசரமாகத் தெரிந்துகொள்வதற்கு ‘ஸ்வொட் அப்’. அதே சொல்லை ஓர் ஆளுக்குப் பெயராக வைத்தால் கேலியாகிவிடும்: எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருக்கும், விளையாட வராத, ஆசிரியரிடம் நல்ல பெயர் வாங்கத் துடிக்கும் பிள்ளை. நம் ‘புத்தகப்புழு’வை விட ஒரு சுற்றுக் காரம் கூடுதல். தன்னைத் தானே சொல்லிக்கொள்ளலாம். நெருங்கிய நண்பரைச் சொல்லலாம். புதிதாக அறிமுகமானவரைச் சொல்லக்கூடாது.

இது வியர்வையைக் குறிக்கும் ‘ஸ்வெட்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வட்டார வடிவம். 19ஆம் நூற்றாண்டில் சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரி மாணவர்களிடையே கணக்குப் பாடத்தோடு ஒட்டிப் புழங்கியதாகச் சொல்வதுண்டு. கணக்கு வியர்க்க வைத்தது என்பதை நம்புவதில் எனக்குச் சிரமமில்லை. ஈயை அடிப்பதற்கான ஆங்கிலச் சொல்லும் காதுக்கு இதே போலத்தான் ஒலிக்கும். ஈயடிச்சான் காப்பி என்று சொல்லி வளர்ந்த நமக்கு இந்தப் பொருத்தம் வேடிக்கையாக இருக்கலாம். இரண்டுக்கும் உறவு கிடையாது. அலுவலகக் கூட்டத்தில் வரும் ‘ஸ்வொட் அனாலிசிஸ்’ முற்றிலும் வேறு. அது பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகள்.

படிப்பதற்கு ஏன் கேலி? நம் வீட்டில் “பிள்ளை விழுந்து விழுந்து படிக்கிறான்” என்பது விருந்தினரிடம் பெருமையாகச் சொல்லும் செய்தி. இங்கே, கெட்டிக்காரத்தனம் உழைப்பின் தடம் தெரியாமல் வர வேண்டும் என்ற மேட்டுக்குடி எண்ணம் வெகுகாலம் இருந்தது. முயற்சியே தெரியாத மேன்மைதான் ஆக்ஸ்ஃபோர்டின் பேலியல் கல்லூரி மாணவரின் அடையாளம் என்ற பொருளில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரதமராக இருந்த அஸ்குவித் பேசியது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த எண்ணம் முழுதாகப் போய்விடவில்லை. 2019 ஆகஸ்டில் பிரதமர் போரிஸ் ஜான்சன் கையால் எழுதிய ஒரு குறிப்பு அடுத்த மாதம் வெளியே வந்தது. அதில் முன்னாள் பிரதமர் டேவிட் கேமரனை ‘கேர்லி ஸ்வொட்’, அதாவது பெண்பிள்ளை போலப் படிப்பவர் என்று இடித்திருந்தார். இருவரும் மேட்டுக்குடிப் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தவர்கள். பல பெண்கள் அந்த வசவையே பட்டமாக எடுத்துச் சமூக ஊடகத்தில் தங்கள் பெயரோடு சேர்த்துக்கொண்டார்கள்.

உங்கள் பிள்ளை இந்தச் சொல்லை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் உடனே பள்ளிக்கு ஓட வேண்டாம். யார் சொன்னது, எத்தனை முறை, சிரித்துக்கொண்டா என்று முதலில் கேளுங்கள். ஒருமுறை என்றால் விளையாட்டு. தினமும் என்றால் வகுப்பாசிரியரிடம் சொல்ல வேண்டிய விஷயம். இன்றைய லண்டன் பிள்ளைகளிடம் ‘ஸ்வொட்’ சற்றுப் பழசாகிவிட்டது, ‘நீக்’ என்பார்கள். சுவை அதேதான். “நான் ஒன்றுமே படிக்கவில்லை” என்று சொல்லும் நண்பனை உங்கள் பிள்ளை நம்பிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் படித்திருப்பான்.

நாம் கொண்டுவரும் சொற்களிலும் கவனம் வேண்டும். ஊரில் பாடத்தை ‘மக்’ அடிப்போம். இங்கே ‘மக்’ செய்தேன் என்றால் தெருவில் ஒருவரை மிரட்டிப் பறித்தேன் என்று பொருள். ‘பைஹார்ட்’ செய்தேன் என்பதும் எடுபடாது. நெட்டுருப் போட்டதை, இலங்கையர் சொல்வது போலப் பாடமாக்கியதை, ‘லேர்ன்ட் பை ஹார்ட்’ என்றால் யாருக்கும் புரியும்.

‘ரிவிஷன்’ இன்னொரு குழி. தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு அது பள்ளியில் நடக்கும் திருப்புதல் தேர்வு. இங்கே அது படித்ததைப் பிள்ளை தானே மீண்டும் படிப்பது. பள்ளி நடத்தும் முன்னோட்டத் தேர்வுக்கு ‘மாக்’ என்று பெயர். எழுத்தில் கிட்டத்தட்ட ‘மக்’ போலிருந்தாலும் யாரையும் கொள்ளையடிப்பதில்லை. பதினோராம் ஆண்டுப் பிள்ளைக்கு மே, ஜூனில் ஜிசிஎஸ்இ என்ற பொதுத் தேர்வுகள் வரும் என்பதால், ஈஸ்டர் விடுமுறையில் ஊருக்குப் போக டிக்கெட் எடுக்கும் முன் யோசியுங்கள்.

ஸ்வொட் செய்ய வேண்டிய வேளை உங்களுக்கும் வரும். கார் ஓட்டும் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வில் 50 கேள்விகளில் 43 சரியாக இருக்க வேண்டும். நிரந்தர வதிவிடத்துக்கான ‘லைஃப் இன் தி யுகே’ தேர்வில் 45 நிமிடத்தில் 24 கேள்விகள்; 18 சரியானால் தேர்ச்சி. ட்யூடர் அரசர்களையும் ரோமானியர்களையும் உருப்போட்டுக்கொண்டிருக்கும் அந்த வாரங்களில் பக்கத்து வீட்டுக்காரர் தேநீருக்கு அழைத்தால், தேர்வுக்காக ஸ்வொட்டிங் என்று தாராளமாகச் சொல்லுங்கள். என்ன தேர்வு என்று கேட்பார். இரண்டு கேள்விகளைச் சொல்லிப் பாருங்கள். இங்கேயே பிறந்த அவருக்கு இரண்டுக்கும் விடை தெரியாமல் போக நிறைய வாய்ப்பிருக்கிறது.