நிலவரைபடத்தில் சரிவைக் கணக்கிடுவது எப்படி?

ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து, விலகியிருந்தால் மிதமான சரிவு. ஒரே படத்துக்குள் இது சரிதான். அளவையோ (படத் தூரத்துக்கும் தரைத் தூரத்துக்கும் உள்ள விகிதம்) உயர இடைவெளியோ (அடுத்தடுத்த கோடுகளுக்கு இடையிலான உயர வேறுபாடு) மாறிய இன்னொரு படத்தில் அதே நெருக்கத்துக்கு வேறு பொருள். அதனால் முதலில் ஓரக் குறிப்புகளைப் பாருங்கள்.

மில்லிமீட்டர் அளவுகோல், கூரான பென்சில், ஒரு துண்டுக் காகிதம் போதும்.

படி 1: அளவை

1:50,000 என்றால் படத்தின் 1 செ.மீ. தரையில் 50,000 செ.மீ., அதாவது 500 மீட்டர். 1:25,000 படத்தில் 250 மீட்டர். நகலெடுக்கும்போது படம் சுருங்கியிருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துவிடும். தூரங்களைக் குறித்துப் படத்திலேயே வரைந்திருக்கும் கோட்டு அளவையும் கூடவே சுருங்கும் என்பதால், அதை மட்டும் அப்போது நம்பலாம்.

படி 2: தூரம்

வளைந்த பாதையைச் சிறு சிறு நேர்த்துண்டுகளாகப் பிரித்து, காகித ஓரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் குறித்துக்கொண்டு, மொத்தமாக அளவிடுங்கள். 1:50,000 படத்தில் அரை மி.மீ. பிசகினால் தரையில் 25 மீட்டர் தவறும்.

படி 3: உயர இடைவெளி

இது ஓரத்திலேயே அச்சாகியிருக்கும். இல்லையென்றால் எண்ணிட்ட இரண்டு தடித்த கோடுகளை எடுங்கள்: 200, 300 என்று வைத்துக்கொள்வோம். நடுவே 4 மெல்லிய கோடுகள். பலரும் 100ஐ 4ஆல் வகுத்து 25 என்பார்கள். எண்ண வேண்டியது கோடுகளை அல்ல, இடைவெளிகளை. அவை 5, எனவே விடை 20 மீட்டர்.

படி 4: சரிவு

அந்த இரு தடித்த கோடுகளுக்கும் இடையே, அவற்றுக்குச் செங்குத்தாக அளந்தால் 8 மி.மீ. வருகிறது என்க. 1:50,000 படத்தில் அது 400 மீட்டர். ஏற்றம் 100 மீட்டர். 100 ÷ 400 = 25 சதவீதம், ஏறக்குறைய 14 பாகை. இதே 8 மி.மீ., இதே 20 மீட்டர் இடைவெளி 1:25,000 படத்தில் இருந்தால் தூரம் 200 மீட்டர்தான். சரிவு 50 சதவீதம், சுமார் 27 பாகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஏறும் கால்களுக்கு அப்படியில்லை.

படி 5: மேடா, பள்ளமா?

கோடுகள் 'V' போல வளைந்து தெரிந்தால் பதற வேண்டாம். வளைவின் முனை எந்தப் பக்கம் நோக்குகிறது என்று பாருங்கள். உயரமான பக்கம் நோக்கினால் பள்ளத்தாக்கு, தாழ்ந்த பக்கம் நோக்கினால் மலைமுகடு. நீலநிற ஓடை எப்போதும் பள்ளத்தாக்கில்தான் ஓடும் என்பதால் அதை வைத்துச் சரிபார்க்கலாம். மூடிய வளையம் பெரும்பாலும் குன்று. உட்பக்கமாகச் சிறு கீற்றுகள் இருந்தால் குழி.

கோடுகள் சொல்லாமல் விடுவதும் உண்டு. 20 மீட்டர் இடைவெளியுள்ள படத்தில், 15 மீட்டர் பாறைச் சுவர் ஒன்று இரு கோடுகளுக்கு நடுவே தடயமின்றி ஒளிந்திருக்கலாம். பாதை குறிக்கும்போது பாறைக் குறியீடுகளையும் தனியே தேடிப் பாருங்கள்.