இடிந்த ரோமானியக் குளியல்கூடம்: எந்த அறை எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

இத்தாலியின் பொம்பெய் நகரில் ஃபோரம் குளியல்கூடத்துக்குப் போன முதல் தடவை, இரண்டாவது அறையிலேயே குழம்பிப்போனேன். கையேடுகள் எல்லாம் குளிக்க வந்தவன் போன வழியிலேயே நம்மையும் கூட்டிப்போகும்: உடை மாற்றும் அறை, குளிர்ந்த அறை, வெதுவெதுப்பான அறை, சூடான அறை. கூரை போய் இடுப்பளவுச் சுவர் மட்டும் நிற்கும் இடங்களில் அது உதவாது. என் வழி தலைகீழ். அடுப்பிலிருந்து தொடங்குங்கள்.

கையில் ஒரு சின்ன டார்ச், போனில் திசைகாட்டி, காகிதத்தில் அச்சிட்ட தரைப்படம் போதும். செயலிகளை நம்பாதீர்கள், வெயிலில் திரையே தெரியாது.

படி 1: அடுப்பு

சுவரின் அடியில், குனிந்து பார்க்கும் உயரத்தில் ஒரு வளைவு இருக்கும். டார்ச் அடித்தால் உள்ளே கரி படிந்த செங்கல். அதை ஒட்டியிருப்பதுதான் சூடான அறை, கால்டேரியம். திசைகாட்டியையும் பாருங்கள். சூடான அறை குளிர்காலத்தில் சூரியன் மறையும் திசையைப் பார்க்கவேண்டும், அதாவது தென்மேற்கு, என்று பழைய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்திருக்கிறார். பெரும்பாலோர் குளிக்க வந்தது பிற்பகலில்தானே.

படி 2: தரை எங்கே?

குட்டிக் குட்டிச் செங்கல் தூண்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்து முக்காலி என்று நினைத்துவிட வேண்டாம். விட்ருவியஸ் கணக்கில் 2 அடி உயரம். தரை அதற்கு மேலே இருந்தது, கீழே சூடான காற்று ஓடியது. உடைந்த சுவரின் விளிம்பிலும் பாருங்கள்: ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால், சூடு அதன் வழியாகவும் ஏறியிருக்கிறது.

ஃபோரம் குளியல்கூடத்தில் கால்டேரியத்துக்குக் கூரையும் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் வரிவரியாகப் பள்ளம். ஆவி குளிர்ந்து தலையில் சொட்டாமல், பள்ளம் வழியே சுவரோரம் வழிந்துவிடும்.

படி 3: நான் மாட்டிக்கொண்ட இடம்

சுவரில் மாடங்கள் வரிசையாக இருந்தால் துணி வைக்கும் இடம், ஆகவே உடை மாற்றும் அறை. இப்படித்தான் நினைத்திருந்தேன். அதே ஊரின் ஸ்டேபியன் குளியல்கூடத்தில் அது சரியாகவே பொருந்தியது. ஃபோரம் குளியல்கூடத்திலும் மாடங்கள், அவற்றுக்கு நடுவே கைகளை உயர்த்தி மேல்விளிம்பைத் தாங்கி நிற்கும் சுடுமண் ஆண் உருவங்கள். நோட்டில் 'உடை மாற்றும் அறை' என்று எழுதிவிட்டு நகர்ந்தால், பக்கத்திலேயே சுவரோரக் கல் இருக்கைகளோடு இன்னொன்று!

தீர்த்துவைத்தது ஒரு பசு. மாடங்கள் உள்ள அறையில் பெரிய வெண்கலக் கணப்பு இருக்கிறது, அதன் முகப்பில் சின்னப் பசு உருவம். சொந்தச் செலவில் செய்து கொடுத்தவர் மார்க்கஸ் நிகிடியஸ் வக்குலா. லத்தீனில் வக்குலா என்றால் சின்னப் பசு. மனிதர் தன் பெயரை வைத்தே விளையாடியிருக்கிறார், வெண்கல பெஞ்சுகளின் கால்கள்கூட மாட்டுக் கால்கள்தான். சரி, கணப்பு எதற்கு? இந்த அறைக்குத் தரையடிச் சூடு கிடையாது. ஆக இதுதான் வெதுவெதுப்பான அறை, டெபிடேரியம்.

மாடத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். அடுப்பிலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள்: முதலில் சூடு, அடுத்தது வெதுவெதுப்பு, அப்புறம்தான் உடை மாற்றும் இடம்.

படி 4: குளிர்ந்த அறை

இது சுலபம். ஃபோரம் குளியல்கூடத்தில் வட்டமான அறை, நடுவில் குளம், கூம்புக் கூரையில் ஒரு திறப்பு.

பின்சேர்க்கை 1: அடுப்பின் இரண்டு பக்கமும் சூடான அறை வருகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். சரியாகத்தான் பார்த்திருக்கிறார். ஃபோரம் குளியல்கூடத்தில் அடுப்பு நடுவில், ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். பெண்கள் பகுதிதான் சிறியது.

பின்சேர்க்கை 2: இங்கிலாந்தின் பாத் நகருக்குப் போன வாசகி, பெரிய குளத்துக்கு அடுப்பே காணோம் என்று எழுதினார். அங்கே ஊற்றே ஏறக்குறைய 46 டிகிரி சூட்டில் வருகிறது, அதனால் என் படி 1 அந்தக் குளத்துக்குப் பொருந்தாது. கிழக்கு, மேற்கு ஓரங்களில் உள்ள அறைகளில் தேடுங்கள், செங்கல் தூண்கள் கிடைக்கும். அருங்காட்சியகத்தில் சாபம் எழுதிய ஈயத் தகடுகளையும் பார்த்துவிட்டு வாருங்கள். குளியல் உடையையும் மேலங்கியையும் பறிகொடுத்த சோலினஸ் என்பவர், எடுத்தவன் அவற்றைக் கோயிலில் கொண்டுவந்து வைக்கும்வரை அவனுக்குத் தூக்கமே வரக்கூடாது என்று சூலிஸ் மினர்வா தேவியிடம் முறையிட்டிருக்கிறார்.