காண்டாக்ட் இம்ப்ரோவைசேஷன் பழகப் போகிறீர்களா?

ஒருவரையொருவர் தொட்டுச் சாய்ந்து, எடையைப் பகிர்ந்துகொண்டு, முன்கூட்டித் திட்டமிடாமல் ஆடும் நடனம் இது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் வருடக்கணக்காகப் பரதம் ஆடியவர்கள்கூட இந்த வகுப்பில் முதல் நாள் திணறலாம். அடவு இல்லை, ஜதி இல்லை, பல நேரம் பாட்டும் இல்லை. 1972இல் அமெரிக்காவில் நடனக் கலைஞர் ஸ்டீவ் பாக்ஸ்டன் தொடங்கியது இது. அவர் ஐக்கிடோ என்ற ஜப்பானியத் தற்காப்புக் கலை பழகியவர், அதனால் உருள்வதும் விழுவதும் இதில் முக்கியப் பாடம்.

கோலாலம்பூரில் வகுப்பு தேடும்போது எடுத்தவுடன் ‘ஜாம்’ எனப்படும் ஆட்டக் கூடலுக்கு ஓடாதீர்கள். அங்கே யாரும் சொல்லித்தர மாட்டார்கள், அவரவர் பாட்டுக்கு ஆடுவார்கள். முதலில் தொடக்கநிலை வகுப்பு, அப்புறம் வார இறுதிப் பட்டறை.

வகுப்பில் முதுகோடு முதுகு சாயச் சொல்வார்கள். பார்க்கச் சுலபம்தான், ஆனால் நம்மில் பாதிப் பேர் சாய்வதாக நினைத்துக்கொண்டு காலை ஊன்றித் தள்ளிக்கொண்டிருப்போம். துணைக்கு நிற்பவர் விலகினால் நீங்கள் சரிய வேண்டும், அந்த அளவுக்கு எடையைக் கொடுத்தால்தான் அவருக்கு உங்கள் அசைவு புரியும். ஆளைத் தூக்கும்போதும் கைபலத்தை நம்பாதீர்கள். முழங்காலை மடக்கி, உங்கள் இடுப்பை அவர் இடுப்புக்குக் கீழே கொண்டுபோனால் எடை எலும்பில் இறங்கும்.

வளையல், கடிகாரம் எல்லாம் கழற்றிவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்துத் தோல் வழுக்கும், மாற்றுச் சட்டை இரண்டு வேண்டும்.

தொடுதல் பற்றிய விதிகளைப் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். ஆட்டத்தின் நடுவில் காரணம் சொல்லாமல் யாரும் விலகலாம். அதற்கு முகம் சுளிக்கும் ஆசிரியரிடம் சேர வேண்டாம்.