படுக்கை கிடைக்காத நாட்களில் கொரோனா நோயாளியை வீட்டில் கவனிப்பது எப்படி

2021 மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. அந்த வாரங்களில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசை கட்டி நின்றன. உள்ளே படுத்திருந்தவர்களுக்கு வண்டியிலேயே ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் முன்பே வந்திருக்க வேண்டியவர்களும், வீட்டிலேயே தேறியிருக்கக்கூடிய ஆனால் பயத்தில் கிளம்பி வந்துவிட்டவர்களும் அந்த வரிசையில் கலந்து நின்றார்கள். யார் எந்த வகை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அளந்துதான் சொல்ல முடியும். கீழே இருப்பவை இரண்டாம் அலையின் போது பின்பற்றப்பட்ட அளவுகளும் நடைமுறைகளும்.

முதலில் ஒரு நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். முதல் பக்கத்தில் நோயாளியின் வயது, எடை, சர்க்கரை, பிபி, ஆஸ்துமா போன்ற பழைய நோய்கள், தினமும் சாப்பிடும் மாத்திரைகள், ஒவ்வாத மருந்துகள் ஆகியவற்றை எழுதுங்கள். காய்ச்சலோ தொண்டை வலியோ உடம்பு வலியோ முதன்முதலில் தெரிந்த தேதியை அதே பக்கத்தில் பெரிதாக எழுதி வட்டமிடுங்கள். அதுதான் முதல் நாள். டெஸ்ட் ரிசல்ட் வந்த தேதியிலிருந்து எண்ணுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. அப்படி எண்ணினால் கணக்கு மூன்று நான்கு நாள் பின்தங்கிவிடும். நிலைமை மோசமாவது பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில்தான். காய்ச்சல் விட்டுவிட்டதே என்று வீடு நிம்மதியாகும் நேரமும் அதுவே.

காலை 6, மதியம் 12, மாலை 6, இரவு 10 மணிக்கு காய்ச்சல், நாடித்துடிப்பு, ஆக்சிஜன் அளவு (விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் கருவி காட்டும் சதவீதம்), ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று நான்கையும் எழுதுங்கள். சர்க்கரை நோயாளி என்றால் வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் எடுத்த அளவையும் சேருங்கள். போனில் டாக்டர் கிடைக்கும் இரண்டு நிமிடத்தில் "ரொம்ப முடியல டாக்டர்" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. "ஏழாவது நாள், நேற்று 96, இன்று காலை 94, நடந்தால் 90, மூச்சு 26" என்று சொன்னால் அடுத்த வாக்கியத்திலேயே முடிவு கிடைத்துவிடும்.

ஆக்ஸிமீட்டரைச் சரியாக வைப்பது

நோயாளி ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். கை சூடாக இருக்கட்டும். சில்லென்றிருந்தால் உள்ளங்கைகளைத் தேய்த்துவிடுங்கள். நடுவிரலிலோ ஆள்காட்டி விரலிலோ மாட்டி, கையை மார்பு உயரத்தில் அசையாமல் வைக்க வேண்டும். மாட்டியவுடன் தெரியும் எண்ணை எழுதாதீர்கள். அரை நிமிடமாவது விட்டு, எண் ஒரே இடத்தில் நின்றபின் எழுதுங்கள். நெயில் பாலிஷ் இருந்தால் துடைத்துவிடுங்கள். நகத்தில் மருதாணி இருந்தால் மருதாணி இல்லாத விரலைத் தேடுங்கள். பேட்டரி இறங்கினாலும் எண் குழம்பும். திடீரென்று 82 காட்டினால் அலறுவதற்கு முன் வேறு விரலிலும், பிறகு உங்கள் விரலிலும் மாட்டிப் பாருங்கள்.

இன்னொன்றை நம் ஊரில் யாரும் அதிகம் சொல்வதில்லை. தோல் கறுத்திருந்தால் இந்தக் கருவி உண்மையை விடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். 2020-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு இதைக் காட்டியது. 2021 பிப்ரவரியில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் எச்சரித்தது. எண் 95 என்று காட்டினாலும் ஆள் மூச்சு வாங்கினால் ஆளைத்தான் நம்ப வேண்டும்.

மூச்சை எண்ணும்போது எண்ணுகிறோம் என்று நோயாளியிடம் சொல்லக் கூடாது. சொன்னால் மூச்சின் வேகம் தானாக மாறிவிடும். நாடி பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, வயிறு ஏறி இறங்குவதை முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் பிழை கூடும்.

உட்கார்ந்திருக்கும்போது அளவு நன்றாக இருப்பவர்களுக்கு, நாலாம் நாளிலிருந்து நடைச் சோதனை செய்யுங்கள். ஆக்ஸிமீட்டரை மாட்டியபடியே அறைக்குள் ஆறு நிமிடம் சாதாரண வேகத்தில் நடக்க வேண்டும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்று நிமிடம் போதும். அளவு 94-க்குக் கீழே போனாலோ, தொடங்கிய அளவிலிருந்து மூன்று நான்கு புள்ளி இறங்கினாலோ, தலை சுற்றினாலோ நிறுத்திவிடுங்கள். நுரையீரல் திணறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். உட்கார்ந்த நிலையிலேயே 94-க்குக் கீழ் இருப்பவர்கள், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்கள், கர்ப்பிணிகள் இந்தச் சோதனை செய்ய வேண்டாம்.

இந்திய அரசின் வழிகாட்டுதல் வைத்த எல்லைகள் இவை. அளவு 94-உம் அதற்கு மேலும், மூச்சு 24-க்குள் என்றால் வீடு. 90 முதல் 93 வரை, அல்லது மூச்சு 24-க்கு மேல் என்றால் ஆக்சிஜன் படுக்கை. 90-க்குக் கீழ், அல்லது மூச்சு 30-க்கு மேல் என்றால் தீவிர சிகிச்சை. கர்ப்பிணிக்கு 95-க்குக் கீழே போனாலே டாக்டரைக் கூப்பிடுங்கள். உதடு நீலம் பாய்வது, நெஞ்சில் அழுத்தம், பேச்சுக் குழறல், எழுப்பினாலும் எழாத தூக்கம், ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாமல் போவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் எண்ணைப் பார்க்காமல் கிளம்புங்கள்.

மருந்து: எதைக் கொடுப்பது, எதைத் தொடாமல் இருப்பது

காய்ச்சலுக்கு பாராசிட்டமால் 650 மி.கி., ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். மெடிக்கலில் வாங்கும் சளி மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் கலந்திருக்கும்; அட்டையைப் படித்துவிட்டுக் கொடுங்கள். கல்லீரல் நோய் உள்ளவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிபி, சர்க்கரை, இதய மாத்திரைகளைத் தாமாக நிறுத்தக் கூடாது. ஆனால் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தால் சர்க்கரை ஆபத்தாக இறங்கும். சாப்பாடு குறைந்த அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கஞ்சி, ரசம், மோர், இளநீர் என்று எதுவானாலும் நாளைக்கு இரண்டரை லிட்டராவது உள்ளே போகட்டும். இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு மட்டும் டாக்டர் சொன்ன அளவு. வயிற்றுப்போக்கு இருந்தால் ஓ.ஆர்.எஸ். கொடுங்கள். ஒரு லிட்டருக்கான பாக்கெட் என்றால் முழுதாக ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால் உப்பு கூடிவிடும்.

ஸ்டீராய்டு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைத் தினம் 6 மி.கி. வீதம் அதிகபட்சம் பத்து நாள் கொடுத்ததில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைக் கண்டது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் பலன் தெரியவில்லை. இந்த இரண்டாம் பாதி வாட்ஸ்அப்பில் போகவில்லை. இரண்டாம் நாளே ஸ்டீராய்டைத் தொடங்கினால் உடம்பு கிருமியோடு போராடும் நேரத்தில் அதன் கையைக் கட்டுகிறோம், சர்க்கரையும் ஏறுகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் மருந்துச் சீட்டைப் பார்த்து வாங்காதீர்கள்.

ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு ஊசி மருந்துக்காக 2021 ஏப்ரல் கடைசியில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியிலும், பிறகு நேரு ஸ்டேடியத்திலும் மக்கள் நெரிசலில் நின்றார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே அதை வழக்கமாகப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தது. வீட்டில் போடும் ஊசி அல்ல அது. அதைத் தேடி அலையும் ஒரு நாள், நோயாளி பக்கத்தில் ஆள் இல்லாத ஒரு நாள். சி.டி. ஸ்கேனும் அப்படித்தான். ஆக்சிஜன் 97 இருக்கும்போது எடுத்த ஸ்கேனில் நுரையீரல் பாதிப்பின் மதிப்பெண் "25-க்கு 8" என்று வந்தால் வீடே ஆடிப்போகிறது, சிகிச்சையோ மாறுவதில்லை.

கபசுரக் குடிநீரைக் குடிப்பவர்கள் குடிக்கலாம். 5 கிராம் பொடியை 240 மி.லி. தண்ணீரில் போட்டு 60 மி.லி. ஆகும்வரை காய்ச்சி வடிகட்ட வேண்டும். அதைக் குடித்துவிட்டு ஆக்ஸிமீட்டரை ஓரம் வைப்பதுதான் கூடாது. ஆவி பிடிப்பதால் மூக்கடைப்பு குறையலாம், கிருமி சாகாது. கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்து தொடை வெந்தால் தீக்காய வார்டுக்கு வேறு அலைய வேண்டும்.

குப்புறப் படுக்க வைப்பது

செலவில்லாமல் பலன் தருவது இது. நுரையீரலின் பின்பகுதிகள் விரிந்து காற்று வாங்கும். நான்கைந்து தலையணைகள் வேண்டும்: கழுத்துக்குக் கீழ் ஒன்று, மார்பிலிருந்து தொடை வரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழே இரண்டு. குப்புற, வலப்பக்கம் ஒருக்களித்து, சாய்ந்து உட்கார்ந்து, இடப்பக்கம் ஒருக்களித்து, மறுபடி குப்புற என்று ஒவ்வொன்றிலும் அரை மணி முதல் இரண்டு மணி நேரம். திரும்பிப் படுத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து அளவு பாருங்கள். இறங்கியிருந்தால் அந்த நிலை அவருக்கு ஒத்துவரவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகவேண்டும். கர்ப்பிணிகள், தீவிர இதய நோயாளிகள், முதுகெலும்பிலோ இடுப்பிலோ தொடையிலோ எலும்பு முறிவு உள்ளவர்கள், காலில் ரத்தம் உறைந்தவர்கள் செய்யக் கூடாது.

சிலிண்டர் கைக்கு வந்தால்

படுக்கை கிடைக்கும்வரை உயிரைப் பிடித்து வைக்கத்தான் வீட்டுச் சிலிண்டர். மருத்துவ ஆக்சிஜன் சிலிண்டரின் உடல் கறுப்பு, தோள் வெள்ளை. கணக்கை முன்பே போட்டு வையுங்கள். இடுப்பளவுக்கும் குறைவான பி டைப் சிலிண்டர் நிரம்பியிருந்தால் சுமார் 1,500 லிட்டர். ஆளுயரத்துக்குக் கிட்டே வரும் டி டைப் சுமார் 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால் பி டைப் பன்னிரண்டு மணி நேரம் வரும். 5 லிட்டர் என்றால் ஐந்து மணி நேரம்தான். கேஜ் முழுசுக்கு 150 காட்டும். 50-க்கு வந்தால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். அப்போதே அடுத்ததற்குப் போன் செய்யுங்கள், ரீஃபில் செய்யும் இடத்தில் வரிசை இருக்கும்.

ரெகுலேட்டர், வால்வைத் திறக்கும் சாவி, இடையில் போடும் வாஷர், ஆக்சிஜனை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபயர் பாட்டில், மூக்குக் குழாய் ஆகிய ஐந்தும் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். சிலிண்டரை வாங்கிக்கொண்டு சாவியை விட்டுவருவது அடிக்கடி நடக்கும். வாஷர் இல்லாவிட்டால் உஸ்ஸென்று கசியும். பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டரை இரண்டு கோடுகளுக்கு நடுவே ஊற்றி, தினமும் மாற்றுங்கள். ஃப்ளோ மீட்டரில் குண்டின் நடுப்பகுதி எந்தக் கோட்டில் நிற்கிறதோ அதுதான் அளவு. மூக்குக் குழாயில் 5 லிட்டர் வரைதான். அதற்கு மேல் முகமூடி வேண்டும். நோயாளியின் ஆக்சிஜன் அளவு 92 முதல் 96 வரை இருந்தால் போதும். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் (சி.ஓ.பி.டி.) உள்ளவர்களுக்கு 88 முதல் 92. எண் 99 ஆகட்டும் என்று திருகிவிட்டால் இரவு இரண்டு மணிக்குச் சிலிண்டர் காலியாகும்.

சிலிண்டரை நிமிர்த்தி ஜன்னல் கம்பியோடு கட்டுங்கள். எண்ணெய்க் கையோடு ரெகுலேட்டரைத் தொடக் கூடாது; மூக்கு வறண்டால் வாசலினோ தேங்காயெண்ணெயோ தடவக் கூடாது. அந்த அறையில் சாமி விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி எதுவும் வேண்டாம். சிலிண்டருக்குப் பதில் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மின்கருவி) என்றால் கரண்ட் போகும் நேரத்தையும் யோசியுங்கள். இன்வெர்ட்டர் எத்தனை நேரம் இழுக்கும் என்று பகலிலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

கிளம்பும்போது

108 ஆம்புலன்ஸுக்கு, 104 மருத்துவ ஆலோசனைக்கு. 2021-இல் படுக்கை ஒதுக்கும் கட்டளை மையமும் 104 வழியாகவே இயங்கியது. ஒருவர் 104-இல் காத்திருக்க, இன்னொருவர் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையைப் பிடிக்கட்டும். எந்த மருத்துவமனையில் இடம் என்று உறுதியானபின் வண்டி ஏறுங்கள். 90-க்குக் கீழே போய்விட்டால் மட்டும் உறுதிக்குக் காத்திராமல் கிட்டே உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். பாசிட்டிவ் ரிப்போர்ட் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என 2021 மே மாதமே மத்திய அரசு உத்தரவிட்டிருந்தது.

பையில் அந்த நோட்டு, ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, தினசரி மாத்திரைகள் ஐந்து நாளைக்கு, போன், நீளமான ஒயர் உள்ள சார்ஜர், கண்ணாடி, பல்செட். உடன் இருக்க அனுமதி கிடைக்காமல் போகலாம். வீட்டு எண் இரண்டை ஒரு தாளில் எழுதி நோயாளியின் சட்டைப் பையில் வையுங்கள். நகைகளைக் கழற்றிவிடுங்கள்.

வீட்டில் மற்றவர்கள்

நோயாளிக்கு ஜன்னல் உள்ள அறை. கவனிப்பது ஒரே ஆள், நாள்பட்ட நோய் இல்லாதவர். அறைக்குள் போகும்போது இருவருக்கும் மாஸ்க், கவனிப்பவருக்கு என்-95. ஒரே கழிவறை என்றால் நோயாளி கடைசியாகப் போகட்டும். பிறகு ஜன்னலைத் திறந்து அரை மணி விடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தெளிந்த நீரால் தரையைத் துடைக்கலாம். அதோடு ஆசிட் கலந்தால் விஷவாயு வரும். ஒற்றை அறை வீடு என்றால், 2021-இல் இயங்கிய கோவிட் பராமரிப்பு மையத்துக்கு அனுப்புவதே எல்லோருக்கும் நல்லதாக இருந்தது. அதில் மானப் பிரச்சினை ஒன்றும் இருக்கவில்லை.

தேறிய பின்

ஸ்டீராய்டு எடுத்தவர்கள், முன்பு சர்க்கரை இல்லாதவர்களும்கூட, சில வாரங்கள் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி அல்லது மரப்பு, மூக்கிலிருந்து கறுத்த கசிவு, பல் ஆடுவது, கண் வீங்குவது, இரண்டிரண்டாகத் தெரிவது ஆகியவை கரும்பூஞ்சையின் அறிகுறிகள். இதில் மறுநாள் வரை பொறுக்கக் கூடாது. அன்றே காது மூக்கு தொண்டை டாக்டர் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும், திடீரென்று மூச்சு முட்டினாலும் ரத்தக் கட்டியாக இருக்கலாம், அதற்கும் அதே அவசரம். மற்றபடி களைப்பு பல வாரம் இருக்கும். வீட்டுக்குள் ஐந்து நிமிட நடையில் தொடங்கி, நடந்தபின் அளவு இறங்காவிட்டால் மட்டும் நேரத்தைக் கூட்டுங்கள்.