பால் மறக்கடிக்கும் முன் தொட்டியைப் பழக்குங்கள்

இறைச்சிக்கு வளர்க்கும் கன்றுகளைப் பெரும்பாலும் 6 முதல் 8 மாதத்தில் தாயிடமிருந்து பிரிப்பார்கள். பால் குடிக்கும்போதே அடர்தீவனத்தை (தானியம், புண்ணாக்கு போன்ற சத்துத் தீவனம்) அள்ளிக் கொட்டினால் எடை ஏறும்தான், ஆனால் செலவுக்குக் கட்டாது. கன்று மேய்ச்சலைக் குறைத்துக்கொண்டு தீவனத்தைத் தின்னும். கூடுதலாக ஒரு கிலோ ஏற 8, 10 கிலோ தீவனம்கூடப் போய்விடும்.

அதனால் பிரிப்பதற்கு 2, 3 வாரம் முன்பு, கன்று மட்டும் நுழையுமளவு சந்து விட்ட அடைப்பில், தீவனத் தொட்டியில் தீவனத்தைக் கொஞ்சமாக வையுங்கள். எடைக்காக இல்லை, தொட்டிப் பழக்கத்துக்கு. பிரித்த முதல் வாரம் கத்திக்கொண்டே நிற்கும், தீனி பாதியாகிவிடும். தின்னும் அந்தக் கொஞ்சத்தில் புரதம் அடர்த்தியாக இருக்கட்டும். வேலிக்கு அப்பால் தாய் தெரிந்தால் கத்தல் குறையும். தண்ணீர்த் தொட்டியையும் வேலியோரமே வையுங்கள். கன்று அங்கேதான் சுற்றும்.